ஜன்னலை மூடிவிட்டு லைவுக்கு வாருங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் இப்போது உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு மைக், ஒரு சிவப்பு பல்பு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. உள்ளே வரும்போது, "பயமா இருக்கா?" என்று கேட்டார்கள். ஏழு வருடமாக வீட்டில் இதே வேலையைத்தான் செய்கிறேன் என்றேன். பகலில் டவுனில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் கேம் விளையாடி, அதை யூடியூபில் மற்றவர்கள் அப்போதே பார்க்கும்படி லைவ் போடுகிறேன்.

லைவ் போடுவது என்றால் என்ன என்று என் அப்பாயி கேட்டது நினைவிருக்கிறது. முப்பத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த மனுஷி. "நீ விளையாடுற, அத இன்னொருத்தன் எதுக்குப் பாக்கணும்?" நியாயமான கேள்விதான். நான் வீட்டு முன்திண்ணையை, எங்கள் இஸ்தோப்பைக் காட்டினேன். அங்கே கேரம் போர்டில் நாலு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி எட்டுப் பேர் நின்று, "செவப்ப அடி, செவப்ப அடி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "அந்த எட்டுப் பேர்தான் அப்பாயி என் ஆளுங்க" என்றேன். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உங்களுக்கும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

லைவ் போட ஆசைப்படும் தங்கச்சிமாருக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால், அம்மா அப்பாவும் கொஞ்சம் ரேடியோ பக்கத்தில் வாருங்கள்.

முதல் நாள் என்னை எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா? ஒருவர். அந்த ஒருவரும், லைவ் ஓடுகிறதா என்று பார்க்க நான் திறந்து வைத்த அப்பாவின் போன். இரண்டு மணி நேரம் வாயே திறக்காமல் விளையாடினேன். யாருமில்லாதபோது எதற்குப் பேசுவது என்ற எண்ணம். அது பெரிய தப்பு. யாராவது ஒருவர் தற்செயலாக உள்ளே எட்டிப் பார்ப்பார். பேச்சு கேட்டால் கொஞ்சம் நிற்பார். சத்தமில்லாவிட்டால் அடுத்த விநாடியே போய்விடுவார். அதனால் மூன்றாம் நாளிலிருந்து பேச ஆரம்பித்தேன். இந்தக் கதவைத் திறக்கப் போகிறேன், உள்ளே ஏதோ அசைகிறது, ஐயோ தோட்டா முடிந்துவிட்டது என்று நடப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கை வந்த கலை. ஆனால் அம்மா பயந்துவிட்டார். காம்பரா அறைக்குள் பிள்ளை தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறதே என்று திருநீறு போடுகிற அளவுக்குப் போய்விட்டது.

முகம் தெரியாதவர் கேட்க, அதைப் படித்துப் பதில் சொல்வது நம் மலையகத்துக்குப் புதிதில்லை. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியை வயதில் மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே இணைய இணைப்பு வந்தபோது, நேயர்கள் கேள்வியை அனுப்புவார்கள், நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பில் பதில் சொல்வார்கள். இன்று லைவ் பார்ப்பவர்கள் திரையில் எழுதுவதை லைவ் சேட் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை.

சரி, இனி நான் எங்கே போனாலும் சொல்லும் கதைக்கு வருகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் இதை இருபது தடவையாவது கேட்டிருப்பார்கள்.

லைவ் போடத் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். நாற்பது ஐம்பது பேர் பார்க்கிறார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. முகம் காட்டவில்லை, சொந்தப் பெயர் இல்லை, ஊர் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரொம்பப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பு. அன்றைக்குத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றம் என்பதை மறந்தே போனேன். ஜன்னல் திறந்திருந்தது. கோயில் லவுட்ஸ்பீக்கர் எங்கள் லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, நேர் மேலே. விளையாட்டின் நல்ல கட்டத்தில், "அடியார்களுக்கு ஓர் அன்பான அறிவித்தல்" என்று தொடங்கியது பாருங்கள். தோட்டத்தின் பெயர், மேல் பிரிவு, கோயிலின் பெயர். அதோடு விட்டார்களா? உபயகாரர் பட்டியல் வந்தது. "ஆறாம் நம்பர் லயத்தைச் சேர்ந்த" என்று தொடங்கி, அப்பாவின் முழுப் பெயர், ஐயாயிரம் ரூபாய். அடுத்த நிமிடம் சேட்டில் ஒருவர் எழுதுகிறார்: "அக்கா, அப்பா அஞ்சாயிரம் குடுத்திருக்காராமே, வாழ்த்துகள்."

நானும் சிரித்தேன். அன்றிரவு முழுக்க எல்லோரும் அதைச் சொல்லியே சிரித்தோம். நாலாம் நாள் தெரியாத கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. "உங்க தோட்டத்து ஸ்டோர் பக்கத்துலதான் நிக்கிறேன்." வேறு ஒரு வார்த்தையும் இல்லை. உண்மையாகவே வந்து நின்றாரா, கொழும்பில் உட்கார்ந்துகொண்டு விளையாட்டுக்கு எழுதினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மாதம் லைவ் போடவில்லை. ஆறு மணிக்கு மேல் அம்மா இல்லாமல் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக்கூடப் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், லைவுக்கு முன் ஜன்னலை மூடுங்கள். சிரிக்காதீர்கள். நம் ஊர் சத்தம் போடும் ஊர். மாலையில் பேக்கரிச் சாமான் விற்க வரும் சூன் பாண் ஆட்டோவின் பாட்டு ஒன்றே போதும், நீங்கள் இலங்கையில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட. ரயில் கூவினால் இன்னும் கொஞ்சம் வட்டம் சுருங்கும். சுவரில் தொங்கும் பாடசாலை டை, மேசையில் இருக்கும் மருந்துச் சீட்டு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை, எல்லாமே விலாசம்தான். மலையின் உருவத்தை வைத்தே ஊரைச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, கரண்ட் போனால் மறுநாள் வந்து, "எங்க ஏரியால ஏழரைக்குக் கரண்ட் போயிட்டுது" என்று சொல்லாதீர்கள். அதே நேரத்தில் யார் வீட்டில் போனதோ அவருக்கு நீங்கள் பக்கத்து வீட்டுக்காரி. இணைப்பு அறுந்துவிட்டது, மன்னியுங்கள், அவ்வளவு போதும்.

லைவ் முடிந்தாலும் அதன் பதிவு சேனலில் அப்படியே தங்கிவிடும். என் அப்பாவின் ஐயாயிரமும் நாலு நாள் அங்கேயே இருந்தது. முடிந்த கையோடு பதிவை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி பிரைவேட் ஆக்கிவிடுங்கள். மறுநாள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒரு தடவை கேளுங்கள். வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டு அப்புறம் திறந்துவிடலாம்.

முகம் காட்ட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டாயமே இல்லை. குரல் மட்டும் வைத்து, திரையில் ஒரு கார்ட்டூன் உருவத்தை அசைய விட்டு, உலகம் முழுக்கப் பெரிய பெரிய சேனல்கள் நடக்கின்றன. முதல் மூன்று மாதம் கெமராவை மூடியே வையுங்கள் என்பது என் கட்சி. காட்டாத முகத்தை எப்போது வேண்டுமானாலும் காட்டலாம்.

அடுத்தது வாய். நம் வாயைச் சொல்லவில்லை, சேட்டில் வருகிறவர்களின் வாயை. பெண் குரல் கேட்டதும் சிலருக்கு என்ன ஆகிறதோ தெரியாது. யூடியூப் ஸ்டூடியோவின் செட்டிங்ஸில் தடுக்க வேண்டிய சொற்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நாம் போடும் சொல் வந்தால் அந்தக் கருத்து திரைக்கு வராது. ஆனால் நம் ஆட்கள் திட்டுவதைத் தமிழ் எழுத்திலா எழுதுகிறார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழ், ஒரே சொல்லுக்கு நாலு எழுத்துக்கூட்டல், நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் சிங்களத்திலும் கொஞ்சம். தானாக இயங்கும் வடிகட்டிக்கு இதில் பாதி பிடிபடாது. அதனால் நானும் இரண்டு சிநேகிதிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் எல்லா விதமாகவும் ஒரு கொப்பியில் எழுதினோம். ஆறு பக்கம் வந்தது. அந்தக் கொப்பி அப்பா கையில் கிடைத்த கதையை இந்த நேரத்தில் ஒலிபரப்ப முடியாது.

தொல்லை தருகிறவரோடு வாதாடாதீர்கள். சேனலிலிருந்து அவரை மறைத்துவிடும் வசதி யூடியூபில் இருக்கிறது. அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார், மற்றவர்களுக்குத் தெரியாது. விளையாடுகிற நேரத்தில் இதையெல்லாம் கவனிக்க நம்பிக்கையான ஒருவரை மொடரேட்டராகப் போடுங்கள். எனக்கு என் சித்தி மகள். குழுவாக விளையாடும் கேமில் முன்பின் தெரியாதவர்களோடு சேரும்போது, விளையாட்டுக்குள் இருக்கும் குரல் வழியை அணைத்துவிடுங்கள். லைவுக்குப் பேசும் மைக் வேறு, விளையாட்டுக்குள் போகும் குரல் வேறு. இது தெரியாமல் நிறையப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அழுதுவிட்டு ஓடிப்போகிறார்கள்.

அப்புறம் போனுக்குக் காசு போட்டு விடுகிறேன் என்று வரும் இந்த ரீலோட் அண்ணாமார். "தங்கச்சி நல்லா விளையாடுறீங்க, நம்பர் தாங்க, ஐநூறு ரூபா ரீலோட் போட்டு விடுறேன்." தரவே தராதீர்கள். ஐநூறு ரூபாய்க்கு உங்கள் போன் நம்பரை விற்கிறீர்கள். வங்கிக் கணக்கு இலக்கத்தைத் திரையில் போடுவதும் அதே கதைதான்.

பெற்றோருக்கு ஒன்று. யூடியூபில் 16 வயது ஆகாத பிள்ளை தனியாக லைவ் போட முடியாது. 2025 ஜூலையில் அந்த விதி வந்தது. 16 வயது ஆன பிள்ளை கேட்டால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஏனென்றால் பிள்ளை ஒளித்துப் போடும். ஒளித்துப் போடுகிற பிள்ளையிடம்தான், "வீட்ல சொல்லிடுவேன்" என்று ஒருவன் மிரட்ட முடியும். அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். என் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்ததால்தான் அந்த ஸ்டோர் செய்தியை நான் அன்றிரவே அவரிடம் காட்ட முடிந்தது. எல்லா வீடும் ஒரே மாதிரி இல்லை, எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் அக்காவிடம், அக்கா இல்லாவிட்டால் டீச்சரிடம், ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். மிரட்டல் வந்தால் ஆளை பிளொக் பண்ணுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கணக்கின் பெயர், நேரம், லிங்க் மூன்றும் வேண்டும். ஆத்திரத்தில் அழித்துவிட்டால் பொலிஸில் காட்ட ஒன்றும் இருக்காது. மகளிர் உதவி இலக்கம் 1938. எழுதிக்கொள்ளுங்கள், 1938. இணையத் தொல்லைக்கென்றே ஹிதவதி என்ற உதவிச் சேவையும் இருக்கிறது.

தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று விரல் காட்டுகிறார். கதை சொல்லியே நேரத்தைத் தின்றுவிட்டேன்.

சாமான்களைப் பற்றி அவசரமாகச் சொல்கிறேன். கடன் வாங்கி எதையும் வாங்காதீர்கள். போனோடு வந்த இயர்போன் மைக் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். கணினி இருந்தால் அதிலிருந்து லைவ் அனுப்ப உதவும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம். போனிலிருந்து யூடியூபில் லைவ் போக 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். முதல் தடவை லைவ் வசதியைத் திறந்துவிட 24 மணி நேரம் வரை எடுக்கும், அதனால் இன்றிரவு லைவ் என்று ஊரெல்லாம் சொல்லி வைக்காதீர்கள். இணைப்பு எடுக்கும்போது பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நமக்கு வேண்டியது நம்மிடமிருந்து வெளியே அனுப்பும் அப்லோட் வேகம். 720 என்ற படத் தரத்தில் விநாடிக்கு 3000 கிலோபிட் போனால், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றேகால் ஜிபிக்கு மேல் கரையும். 1000 கிலோபிட் என்றால் அரை ஜிபிக்குள் முடியும், படம் கொஞ்சம் மங்கல். பேக்கேஜைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தகரக் கூரை வீடு என்றால் மழைக்கு லைவ் போடவே முடியாது, அடுப்பங்கரைச் சத்தம்கூடக் கேட்காது. இடி மின்னல் என்றால் நிறுத்திவிட்டு ரவுட்டர் வயரைக் கழற்றுங்கள்.

பணம். அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. யூடியூப் விளம்பரக் காசு சேரும் கூகுள் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், விலாசம் சரிதானா என்று பார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். ஆமாம், கடிதத்தில். அதை நாலு மாதத்துக்குள் பதிய வேண்டும். லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்ட ஆபிசுக்கு வரும், அங்கிருந்து எப்போது வரும், யார் கையில் வரும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு முதல் கடிதம் வரவே இல்லை. இரண்டாவதை டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் விலாசத்துக்குக் கேட்டேன், அது வந்தது. அதனால் முதலிலேயே கடிதம் ஒழுங்காக வந்து சேரும் விலாசம் ஒன்றைப் போடுங்கள், கணக்கில் இருக்கும் பெயர் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், 100 டொலர் சேராமல் காசு வெளியே வராது, அப்புறம் பணத்தை எப்படி...

இல்லை, கையைத் தூக்கிவிட்டார். வணக்கம் நேயர்களே. இன்றிரவு எட்டரைக்கு லைவ் இருக்கிறது, ஜன்னலை மூடப் போகிறேன்.