கணினி யாருக்குச் சாட்சி சொல்கிறது?

அனைவருக்கும் வணக்கம். 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிப்பு வந்ததும் ஊர் உலகமெல்லாம் ஒரே கேள்வி: "டிபிஎம் 2.0 என்றால் என்ன, என் கணினியில் அது இருக்கிறதா?" டிபிஎம் என்பது கணினிக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சில்லு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளைப் பார்த்து, இதில் தேவையான சில்லு இல்லை, புதிய இயங்குதளம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பலருக்கு அது புதுக் கணினி வாங்கும் செலவோடு போயிற்று. ஆனால் இந்தச் சில்லைப் பற்றிய சண்டை இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கணினியைக் காக்க வந்தது என்றது ஒரு தரப்பு, உரிமையாளரைக் கட்டிப்போட வந்தது என்றது இன்னொரு தரப்பு. அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு என்பது என் கட்சி.

முதலில் சில்லு என்ன செய்கிறது என்று பார்ப்போம். டிபிஎம் எந்த நிரலையும் தடுப்பதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எதிர்ப்பாளர்களில் நிறைய பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கணினி கிளம்பும்போது, ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தை ஓட்டுவதற்கு முன்னால் அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கம் சற்று மாறினாலும் மாறிவிடும் ஒரு சுருக்க எண்ணை, கணக்கிட்டுச் சில்லுக்கு அனுப்புகிறது. சில்லுக்குள் பிசிஆர் என்ற பதிவேடுகள் உண்டு, வழக்கமாக 24. அவற்றில் நேராக எதையும் எழுத முடியாது. இருக்கிற மதிப்போடு புதிதாக வந்ததைச் சேர்த்து, மறுபடி ஹாஷ் போட்டு, வரும் விடையை வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். கிளம்பும் வழியில் எவனாவது ஒரு பைட்டை மாற்றியிருந்தால் கடைசி விடை மாறிவிடும். பிறகு நுழைகிற நிரல் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் பழைய விடையைத் திரும்ப வரவழைக்க முடியாது.

இந்த விடையை வைத்து இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, ஹார்ட் டிஸ்க்கின் குறியாக்கச் சாவியைச் சில்லிடம் கொடுத்து, பிசிஆர் மதிப்பு சரியாக இருந்தால் மட்டும் வெளியே விடு என்று சொல்லி வைப்பது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியான பிட்லாக்கர் இதைத்தான் செய்கிறது, லினக்ஸிலும் செய்யலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. உரிமையாளருக்கு நல்லது.

இரண்டாவது வேலை, தொலைவில் இருக்கும் ஒருவருக்குச் சான்று அனுப்புவது. சில்லு தன்னுள்ளே இருக்கும் சாவியால் பிசிஆர் மதிப்புகளில் கையெழுத்திட்டு, "இந்தக் கணினியில் இன்ன மென்பொருள்தான் ஓடுகிறது" என்று சொல்லிவிடும். பள்ளிக்கூடம் உங்கள் நடத்தைச் சான்றிதழை உறையில் போட்டு ஒட்டி நேராக அடுத்த கல்லூரிக்கு அனுப்புவது போல. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியலாம், திருத்த முடியாது. காசு கொடுத்து வாங்கியது உங்கள் கணினி, கையெழுத்துப் போடுவது மட்டும் உங்கள் கையில் இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1999-இல் பென்டியம் 3 சந்தைக்கு வந்தபோது, மென்பொருளால் படிக்கக்கூடிய ஒரு தொடர் எண்ணை இன்டெல் ஒவ்வொரு பிராசஸரிலும் வைத்தது. தனியுரிமை அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விட்டன. பிந்தைய பிராசஸர்களில் அந்த எண் போய்விட்டது. அதே ஆண்டில்தான் காம்பாக், ஹெச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஐந்தும் சேர்ந்து டிசிபிஏ என்ற கூட்டணியைத் தொடங்கின. டிபிஎம் சில்லுக்கான தரத்தை வகுத்தது அதுதான். 2003-இல் அது டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் ஆனது. தொடர் எண் விவகாரத்தில் கை சுட்டுக்கொண்ட தொழில்துறையை மக்கள் இந்த முறை சந்தேகத்தோடு பார்த்ததில் என்ன ஆச்சரியம்?

2002-இல் மைக்ரோசாஃப்ட், இப்படிப்பட்ட சில்லை நம்பி விண்டோஸுக்குள் ஒரு பாதுகாப்பான தனிப் பகுதி அமைக்கும் பல்லேடியம் என்ற திட்டத்தை வெளியிட்டதும் நெருப்பு பற்றிக்கொண்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் கேள்வி-பதில் வடிவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவருடைய வாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பொருளாதாரம். ஒரு நிறுவனத்தின் எழுதும் மென்பொருள், தன் ஆவணங்களைத் தன்னால் மட்டுமே திறக்க முடிகிற சாவியால் பூட்டினால், போட்டியாளரின் மென்பொருளுக்கு மாறும் செலவு எகிறிவிடும் என்றார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இன்னும் காட்டமாக, இது துரோகக் கணினி என்றார். மறுபக்கம் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தின் டேவிட் சாஃபோர்ட் பதில் எழுதினார்: இந்தச் சில்லு உரிமையாளர் கையால் நோண்டுவதைத் தாங்கும்படி வடிவமைக்கப்படவே இல்லை, ஆகவே படம், பாட்டுகளுக்குப் பூட்டுப் போட இது லாயக்கில்லை என்று. அவர் சொன்னதும் உண்மைதான். அன்றைய சில்லைப் பற்றிப் பேசினார். எதிர்ப்பாளர்கள் நாளைய சில்லைப் பற்றிப் பேசினார்கள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே நிதானமாக யோசித்தவர் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பைச் சேர்ந்த செத் ஷோன். 2003-இல் அவர் எழுதிய அறிக்கை திட்டத்தை நான்காகப் பிரித்தது. நினைவகத்தை மறைத்து வைப்பது, திரைக்கும் விசைப்பலகைக்கும் பாதுகாப்பான வழி, முத்திரையிட்ட சேமிப்பு (மேலே சொன்ன முதல் வேலை), தொலைச் சான்று (இரண்டாவது வேலை). முதல் மூன்றில் பெரிதாகத் தகராறு இல்லை, நான்காவதில்தான் சிக்கல் என்றார். அதற்கு அவர் கொடுத்த மருந்தும் எளிமையானது: உரிமையாளர் எதிரில் உட்கார்ந்து சம்மதித்தால், உண்மை நிலைக்கு மாறான சான்றைக்கூடச் சில்லு தர வேண்டும். வைரஸ் அதைச் செய்ய முடியாது, உரிமையாளர் செய்யலாம். கணினிக்குள் எவனோ புகுந்துவிட்டானா என்று உரிமையாளருக்கு அப்போதும் தெரியும். உரிமையாளர் தானே ஏற்றிய மென்பொருளை வெளியாள் கண்டுபிடிக்க மட்டும் முடியாது.

தொழில்துறை இதை ஏற்கவில்லை. ஏன் என்று யோசித்தால் சண்டையின் மையம் தெரிந்துவிடும். திருடனிடமிருந்தும் வைரஸிடமிருந்தும் உங்களைக் காப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், அந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை. உங்களிடமிருந்து இன்னொருவரைக் காக்க வேண்டியிருந்தால்தான் அது இடிக்கும்.

பல்லேடியம் பெயர் மாறி, தேய்ந்து, பெரும்பாலும் பிட்லாக்கராக மிஞ்சியது. 2012-இல் செக்யூர் பூட் வந்தது. அங்கீகரித்த சாவியால் கையெழுத்திடாத இயங்குதளத்தைக் கணினி கிளம்பும்போதே தடுக்கும் ஏற்பாடு அது. விண்டோஸ் 8 சான்று பெறும் இன்டெல் வகைக் கணினிகளில் உரிமையாளர் அதை அணைக்க வழி இருக்க வேண்டும், டேப்லெட் போன்ற ஏஆர்எம் பிராசஸர் கருவிகளில் அணைக்க வழி இருக்கவே கூடாது என்று ஒரே விதித்தொகுப்பில் எழுதியிருந்தார்கள். பழகிப்போன கணினியில் மக்கள் சண்டைக்கு வருவார்கள், புதுக் கருவியில் வரமாட்டார்கள் என்ற கணக்கு அது என்று நான் நினைக்கிறேன்.

கணக்கு தப்பவில்லை. 2002-இல் பயந்தது மேஜைக் கணினியில் பெரிதாக நடக்கவில்லை, சட்டைப்பையில் நடந்தது. இன்று ஆண்ட்ராய்டில் ஒரு செயலி பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவை வழியாகக் கூகுளிடம் கேட்கலாம்: இந்த போனில் ஓடுவது நீங்கள் சான்றளித்த இயங்குதளம்தானா? இல்லையென்றால் செயலி வேலை செய்ய மறுக்கலாம். வங்கிச் செயலிகள் பல அப்படி மறுக்கின்றன.

கிராஃபீன் ஓஎஸ் என்று ஒன்று இருக்கிறது. பிக்ஸல் போன்களுக்கான, பாதுகாப்பை இறுக்கிய ஆண்ட்ராய்டு. அதை நிறுவிவிட்டு, இயங்குதளத்தைக் கிளப்பும் நிரலான பூட்லோடரை மறுபடி பூட்டவும் முடியும். ஆனால் கூகுள் சான்று இல்லாததால் பிளே இன்டெக்ரிட்டியின் சாதனச் சோதனையில் அது தேறாது. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தமே வராத ஒரு பழைய போன் அதே சோதனையில் தேறிவிடும். பாதுகாப்பு என்ற பெயரில் இங்கே சோதிக்கப்படுவது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

2023-இல் இதையே இணைய உலாவிக்கும் கொண்டுவரக் கூகுள் பொறியாளர்கள் முன்மொழிந்தார்கள். பார்ப்பவரின் கருவி நம்பகமானதா என்று இணையதளம் சான்று கேட்கும். மொஸில்லா எதிர்த்தது, பிரேவ், விவால்டி எதிர்த்தன, நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். எதிர்த்தால் ஜெயிக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

இதுவரை கேட்டால் நான் தொலைச் சான்றுக்கே எதிரி என்று தோன்றும். இல்லை. 2017-இல் சிக்னல் செயலி செய்ததைப் பாருங்கள். உங்கள் தொடர்பு எண்களில் யார் யார் சிக்னலில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, எண்களைச் சர்வருக்கு அனுப்பியாக வேண்டும். சர்வர் அவற்றைச் சேர்த்துவைக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிராசஸருக்குள்ளேயே ஒரு நிரலைத் தனியாகப் பூட்டி ஓட்டும் இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் வசதியைக் கொண்டு, வெளியிடப்பட்ட அதே நிரல்தான் அங்கே ஓடுகிறது என்று சர்வர் உங்கள் போனுக்குச் சான்று காட்டும்படி அமைத்தார்கள். அதே தொழில்நுட்பம், ஆனால் திசை தலைகீழ். இங்கே சாதாரணப் பயனர் நிறுவனத்தைப் பார்த்து, உன் கணினியில் என்ன ஓடுகிறது, காட்டு என்கிறார். என்னைப் பொறுத்தவரை வழக்கு முழுவதும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. லட்சக்கணக்கானோரின் தகவலை வைத்திருப்பவர் சான்று காட்டட்டும். ஒரு தனிமனிதர் தன் போனில் என்ன வைத்திருக்கிறார் என்பதற்குக் காட்ட வேண்டியதில்லை.

ஆன்லைன் விளையாட்டில் ஏமாற்றுகிறவனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உரிமையாளருக்கு அதிகாரம் கொடுத்தால் ஏமாற்றுகிறவனும் ஓர் உரிமையாளர்தான், அவனைப் பிடிப்பது கடினமாகும். அந்த விலையைக் கொடுக்க நான் தயார். விளையாட்டுக்காக எல்லாருடைய கணினியும் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டாம்.

இன்னொன்று, இந்தச் சான்றுகள் சத்தியவாக்கும் இல்லை. 2018-இல் ஃபோர்ஷேடோ தாக்குதல் எஸ்ஜிஎக்ஸிலிருந்து சான்றளிக்கும் சாவியையே வெளியே எடுத்தது. 2024-இல் வெளிவந்த பிகேஃபெயில் விவகாரம் சிரிப்பும் வருத்தமும் கலந்தது. "நம்ப வேண்டாம்" என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவியை மாற்றாமல், நூற்றுக்கணக்கான கணினி மாடல்களில் செக்யூர் பூட்டின் தலைமைச் சாவியாக விற்றிருந்தார்கள். 4கே ப்ளூ-ரே தட்டைக் கணினியில் பார்க்க எஸ்ஜிஎக்ஸ் கட்டாயம் என்று வைத்தார்கள். அப்புறம் இன்டெல் தன் 11-ஆம் தலைமுறையிலிருந்து கோர் பிராசஸர்களில் அந்த வசதியை எடுத்துவிட்டது. தட்டையும் டிரைவையும் காசு கொடுத்து வாங்கியவர் புதுக் கணினியில் அதைப் பார்க்க முடியவில்லை.

வங்கிகளுக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. ஆண்ட்ராய்டின் வன்பொருள் சான்றிலேயே, இயங்குதளத்தைச் சரிபார்த்த சாவியின் அடையாளம் வருகிறது. நம்பகமான மாற்று இயங்குதளங்களின் சாவிகளையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டால் போதும், கூகுளின் தனித் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதி வழிதான் இது, ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியது. உங்கள் வங்கிக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி நேரத்துக்கு முன்னால், எப்போதும் வருகிற ஒரு கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் அணைத்துவிடலாமா? வேண்டாம். பல கணினிகளில் உங்கள் சொந்தச் சாவியையே செக்யூர் பூட்டில் பதிய முடியும், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதைச் செய்து பாருங்கள். கூடவே விண்டோஸும் இருந்தால், செய்வதற்கு முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி மாறியதும் பிசிஆர் மதிப்பும் மாறும், அடுத்த முறை கிளம்பும்போது விண்டோஸ் அந்த மீட்புச் சாவியின் 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கும்.