அமெரிக்காவில் செய்தியை ஏன் நம்ப மறுக்கிறார்கள்? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். நேயர்கள் அனுப்பிய கேள்விகளில் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டல்லாஸ் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அலுவலகத்தில் இரண்டு அமெரிக்கர்கள் பத்து வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். ஒருவர் ஏதாவது ஒரு செய்தியைச் சொல்லிக் கொதிப்பாராம். மற்றவர், "அப்படி ஒன்று நடந்ததாகவே நான் கேள்விப்படவில்லையே" என்பாராம். கொஞ்ச நாளில் அது "நீ பொய்யை நம்புகிறாய்" என்று முற்றி, இப்போது இருவரும் வேறு வேறு மேசையில் உட்காருகிறார்கள். "இவர்களில் யார் பார்க்கும் சேனல் பொய் சொல்கிறது? நான் எதைப் பார்ப்பது?" இதுதான் அவர் கேள்வி.

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. "அது பொய்" என்று அந்த இரண்டாமவர் முதலில் சொல்லவில்லை. "கேள்விப்படவே இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கே திரும்பி வருகிறேன்.

முதலில் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துவிடலாம். பத்திரிகை, டிவி, ரேடியோ செய்திகளை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேலப் நிறுவனம் பல வருடங்களாக அமெரிக்கர்களைக் கேட்டு வருகிறது. 1976இல் 72 சதவீதம் பேர் நன்றாகவோ ஓரளவுக்கோ நம்புவதாகச் சொன்னார்கள். 2025இல் அது 28 சதவீதம். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களில் நம்புகிறவர்கள் 8 சதவீதம்தான். நூற்றுக்கு எட்டுப் பேர்!

இது செய்தியோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் ஒரு ஆய்வில் கேட்டார்கள். நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் ஆமாம் என்றார்கள்.  2010இல் அதே மாதிரிக் கேள்வி கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவரும் வருத்தப்படுவோம் என்றார்கள். டிரம்ப் தேர்தலில் நிற்பதற்கு ஐந்து வருடம் முன்பே இந்த நிலை. அவரால்தான் எல்லாம் வந்தது என்பவர்கள் இந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு இங்கே பலரும் சொல்லும் ஒரு காரணம் உண்டு. 1949இலிருந்து ஒரு விதி இருந்தது. சர்ச்சையான விஷயத்தை ஒளிபரப்பினால் மறுபக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். ரீகன் காலத்தில், 1987இல், அதை எடுத்துவிட்டார்கள், அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது என்பார்கள். ரேடியோ விஷயத்தில் இது ஓரளவு சரி. அடுத்த வருடமே ரஷ் லிம்பா என்ற வலதுசாரி ரேடியோ பேச்சாளர் நாடு முழுக்க ஒலிக்க ஆரம்பித்தார். ஆனால் அந்த விதி காற்றலையில் வரும் நிலையங்களுக்கு மட்டும்தான். கேபிள் சேனல்களை அது தொடவே இல்லை. குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் நியூஸும், பின்னால் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்த எம்எஸ்என்பிசியும் 1996இல் வந்தபோது அந்த விதி உயிரோடு இருந்திருந்தாலும் அவற்றைக் கட்டுப்படுத்தியிருக்காது.

அப்படியானால் என்னதான் நடந்தது? இரண்டு பேராசிரியர்கள், டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா, ஒரு சோதனை செய்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. 2020 செப்டம்பர், தேர்தல் நெருங்கும் நேரம். வழக்கமாக ஃபாக்ஸ் பார்க்கும் சுமார் 300 பேரைப் பிடித்து, ஒரு மாதம் அதற்குப் பதிலாக சிஎன்என் பாருங்கள், மணிக்கு 15 டாலர் தருகிறோம், வாரத்துக்கு ஏழு மணி நேரம் வரை என்றார்கள். பார்க்கிறார்களா என்று நடுநடுவே கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள். அந்த மாதத்தில் சிஎன்என் திரும்பத் திரும்பப் பேசியது கொரோனா. ஃபாக்ஸ் திரும்பத் திரும்பப் பேசியது தெருப் போராட்டங்களும், பைடன் வந்தால் போலீஸ் என்ன ஆகும் என்பதும்.

இரண்டும் நடந்துகொண்டிருந்த விஷயங்கள்தான், கவனியுங்கள். ஒன்று இதை எடுத்தது, மற்றது அதை எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் மாத முடிவில் அந்த ஃபாக்ஸ் நேயர்களின் அறிவு மாறியிருந்தது. சில விஷயங்களில் கருத்தும் நகர்ந்திருந்தது. முக்கியமாக, டிரம்ப் ஏதாவது தப்பு செய்தால் ஃபாக்ஸ் அதைச் சொல்லும் என்ற நம்பிக்கை அவர்களிடம் குறைந்திருந்தது. யாரும் போய் அவர்களிடம் வாதம் செய்யவில்லை. தங்கள் சேனல் எதைக் காட்டாமல் விட்டது என்பதைத் தாங்களே பார்த்தார்கள். அப்புறம் பணம் நின்றது, பழைய சேனலுக்குத் திரும்பினார்கள், இரண்டு மாதத்தில் பெரும்பாலும் பழைய கருத்துக்கே வந்துவிட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டு மேசையில் நடந்ததும் இதுதான், சகோதரி. இரண்டு பேரும் உண்மையான செய்தியையே பார்த்திருக்கலாம். ஆனால் ஒருவருக்குக் கிடைத்த உண்மை மற்றவருக்கு வந்து சேரவே இல்லை.

சரி, சேனல்கள் ஏன் விடுகின்றன? முதலாளியின் கொள்கை என்று சொல்லிவிடலாம், அதுவும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பயம், பார்க்கிறவர் போய்விடுவாரோ என்பது. இதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

2020 நவம்பர் 3, தேர்தல் இரவு. கிழக்கு நேரம் பதினொன்றேகால் தாண்டி, அரிசோனாவில் பைடன் ஜெயிக்கிறார் என்று ஃபாக்ஸ் அறிவித்தது. வேறு பெரிய சேனல் எதுவும் அப்போது அதைச் சொல்லவில்லை. ஃபாக்ஸின் கணிப்புக் குழு தன் கணக்கைப் போட்டு, தன் நேயர்களுக்குப் பிடிக்காத விடையை நேராகச் சொன்னது. கடைசியில் அது சரியாகவும் இருந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசம். நல்ல பத்திரிகைத் தொழில் என்றால் அதுதான். அதற்கு என்ன கிடைத்தது? மறுநாள் ஃபீனிக்ஸில் வாக்கு எண்ணும் இடத்துக்கு வெளியே கூடிய டிரம்ப் ஆதரவாளர்கள் ஃபாக்ஸைத் திட்டிக் கோஷம் போட்டார்கள். நேயர்கள் நியூஸ்மேக்ஸ் என்ற இன்னொரு சேனலுக்கு நகர ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்தது வழக்கு வந்ததால்தான் வெளியே தெரிந்தது. டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனம், தங்கள் இயந்திரம் தேர்தலைத் திருடியது என்ற பொய்யை ஒளிபரப்பியதாக ஃபாக்ஸ் மீது அவதூறு வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் தொகுப்பாளர்களின் அந்தரங்கக் குறுஞ்செய்திகள் வந்தன. திரையில் இடம் கொடுத்த கதையை அவர்களே நம்பவில்லை. ஃபாக்ஸின் சொந்த நிருபர் ஒருவர், ஜாக்கி ஹைன்ரிக், டிரம்ப் டொமினியன் பற்றிப் போட்ட பதிவைச் சரிபார்த்து, ஆதாரமில்லை என்று எழுதினார். உடனே டக்கர் கார்ல்சன் தன் சக தொகுப்பாளருக்கு, அவரை வேலையைவிட்டு எடுக்கச் சொல், கம்பெனிக்கு நஷ்டம், பங்கு விலை இறங்குகிறது என்று செய்தி அனுப்பினார். உண்மையைச் சொன்ன நிருபரால் பங்கு விலை இறங்குகிறதாம்! இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

அரிசோனா முடிவை அறிவித்த குழுவில் இருந்த அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டைர்வால்ட்டுக்கு 2021 ஜனவரியில் வேலை போனது. நிர்வாகச் சீரமைப்பு என்றது சேனல். 2023 ஏப்ரலில், நடுவர்கள் உட்கார்ந்த பிறகு, விசாரணை தொடங்கும் வேளையில், 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமாதானமாகப் போனது.

இப்போது மற்ற பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த மேசையில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் இருந்தால் அவர் பைத்தியக்காரர் இல்லை. அவருக்கும் கோபப்படக் காரணம் இருக்கிறது. இராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எழுதியது. போர் நடந்து, ஆயுதம் எதுவும் கிடைக்காமல், 2004 மே மாதம்தான் தங்கள் செய்திகள் போதிய கண்டிப்போடு இல்லை என்று ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டது. அந்தப் போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய சின்ன ஊர்க் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. 2020இல் பைடனின் மகன் ஹன்டரின் லேப்டாப் பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதியபோது ட்விட்டர் அந்த இணைப்பையே தடுத்தது. பெரிய பத்திரிகைகள் பலவும் அதைச் சந்தேகத்தோடு ஒதுக்கின. அதிலிருந்த மின்னஞ்சல்களில் சில உண்மையானவை என்று 2022இல் அதே பத்திரிகைகளே உறுதி செய்தன. 2024 ஜூன் தொடக்கத்தில், அதிபர் பைடன் தளர்ந்து வருகிறார் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியதற்கு, மற்ற ஊடகங்களிலேயே கண்டனம். அந்த மாதக் கடைசியில் அட்லாண்டா விவாத மேடையில் நாடே அதை நேரில் பார்த்தது. தொண்ணூறு நிமிடத்தில் எத்தனை பேருடைய நம்பிக்கை போயிருக்கும்!

இந்த இரண்டு பக்கத் தப்பும் ஒரே எடை என்று நான் சொல்ல வரவில்லை. பொய் என்று தெரிந்தே ஒளிபரப்பியது இன்னும் மோசம். ஆனால் தன் வாசகர் கேட்க விரும்பாததைத் தள்ளிப்போடும் பழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

அரசியல்வாதிகள் இந்தக் காயத்தில் உப்புத் தடவுகிறார்கள். இதுவும் புதிதில்லை, 1969 நவம்பரிலேயே நிக்சனின் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கூட்டம் நாட்டின் செய்தியை முடிவு செய்கிறது என்று டிவியிலேயே பேசினார். வார்த்தைகள் கொஞ்சம் மாறி இன்றும் அதே பேச்சுதான் ஓடுகிறது.

ஆனால் என்னை அதிகம் கவலைப்படுத்துவது கேபிள் டிவி இல்லை. ஊர்ப் பத்திரிகை செத்துப்போனதுதான். 2005இல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு விளம்பர வருமானம் கிட்டத்தட்ட 4,900 கோடி டாலர். 2020இல் ஆயிரம் கோடிக்கும் கீழே. வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு என்று வந்த வரி விளம்பரங்கள்தான் ஊர்ப் பத்திரிகைக்குச் சோறு போட்டன. அது கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணையதளத்துக்குப் போனது, மற்றதை கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்திரிகைகள் மூடிவிட்டன.

மூடினால் என்ன ஆகும்? லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன நகரம், சுமார் 36,000 பேர், பெரும்பாலும் உழைத்துச் சாப்பிடும் குடியேறிகள். கவுன்சில் கூட்டத்துக்கு வழக்கமாக வந்து உட்காரும் நிருபர் என்று யாரும் இல்லை. 2010இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர்கள் இரண்டு பேர் பக்கத்து ஊர் விஷயமாகப் போனபோது, பெல்லிலும் ஏதோ விசாரணை என்று காதில் விழுந்தது. சம்பளக் கணக்கைக் கேட்டார்கள். நகராட்சி இழுத்தடித்தது. கடைசியில் ஒரு பூங்காவில் சந்தித்தபோது, நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோ தன் சம்பளத்தைச் சொன்னார். ஆவணத்தைப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர். அமெரிக்க அதிபரின் சம்பளம் 4 லட்சம்! பகுதி நேரக் கவுன்சிலர்களுக்கு ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். அந்த ஏழை ஊரின் சொத்து வரி விகிதமோ பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸைவிட அதிகம். செய்தி வந்தவுடன் மக்கள் நகராட்சி அலுவலகத்தில் திரண்டார்கள். சில நாளில் ரிஸ்ஸோ பதவி விலகினார், பின்னால் 12 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தக் கூட்டத்தில் நின்றவர்களை யாரும் நீ எந்தக் கட்சி என்று கேட்டிருக்க மாட்டார்கள். தங்கள் வரிப் பணம் எங்கே போனது என்பதுதான் அங்கே பேச்சு. ஊர்ச் செய்தி மறைந்த இடங்களில் மக்களுக்கு மிச்சம் இருப்பது வாஷிங்டன் சண்டை மட்டும்தான். அதில் நாம் எந்தப் பக்கம் என்பதைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். கேபிள் விவாதங்களை மாலையில் மணிக்கணக்கில் பார்க்காதீர்கள். ஏபி, ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி முகமைகளை நேராகப் படியுங்கள். எல்லாக் கட்சிக்காரர்களின் பத்திரிகைக்கும் செய்தி விற்பவர்கள் என்பதால் அவர்கள் மொழி அடங்கியிருக்கும். வாரத்தில் ஒரு நாள், உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தின் முகப்பைத் திறந்து, அங்கே பெரிதாக இருப்பதில் எது உங்கள் பக்கத்தில் இல்லவே இல்லை என்று மட்டும் பாருங்கள். உள்ளூர் டிவியில் கொஞ்சம் ஜாக்கிரதை. 2018இல் சின்க்ளேர் என்ற நிறுவனம் தன் நிலையங்களுக்கு ஒரே உரையை அனுப்பி, பல ஊர் வாசிப்பாளர்களை ஒரே வார்த்தைகளை வாசிக்க வைத்தது. அவர்களை அடுத்தடுத்து ஒட்டிய காணொளியை நீங்களே தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊர் நகராட்சிக் கூட்டத்துக்கும் பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் நிருபர் யாராவது வருகிறாரா என்று விசாரியுங்கள். வருகிறார் என்றால் அந்தப் பத்திரிகைக்கு இந்த வாரமே சந்தா கட்டிவிடுங்கள். பிரித்தால் முதல் பக்கத்தில் சாலை வேலையோ பள்ளிப் பேருந்தோ இருக்கும். அதை அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் காட்டி, இது உங்கள் தெருதானே என்று கேளுங்கள். மறுநாள் மற்றவரிடமும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், சகோதரி.