எம்.சி.ஏ. ப்ராஜெக்ட்டும் மண்டிக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். எம்.சி.ஏ. என்கிற கம்ப்யூட்டர் முதுநிலைப் படிப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பல வருடம் அந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தவன் என்பதால், ரிசல்ட் வந்ததும் பெற்றோர் என்னைத் தேடி வருவது வழக்கம். "பையன் பி.காம். முடித்துவிட்டான், கம்ப்யூட்டர் பக்கம் போகலாமா சார்?" என்பார்கள். போகலாம். பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருந்தால் பி.ஏ., பி.காம். காரர்களும் சேரலாம். அவர்களுக்கென்று அடிப்படையைச் சொல்லித்தர பிரிட்ஜ் கோர்ஸ் வைப்பார்கள்.

முன்பு இது மூன்று வருடப் படிப்பு. 2020-21 முதல் இரண்டு வருடமாகிவிட்டது. அதிலும் கடைசி செமஸ்டர் பெரும்பாலும் ப்ராஜெக்ட்டுக்கே போய்விடும். அந்த ப்ராஜெக்ட்டைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும். கொஞ்சம் என்ன, நிறையவே பேச வேண்டும்.

காசு கொடுத்தால் ப்ராஜெக்ட் செய்து தருகிற இடங்கள் நகரங்களில் உண்டு. கம்ப்யூட்டர் ப்ரோகிராம், ரிப்போர்ட், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் சொல்ல வேண்டிய பதில், எல்லாம் தயாராகக் கிடைக்கும். அப்படி வாங்காத பிள்ளைகளும் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள். சீனியர் செய்தது, அவருக்கு முந்தைய சீனியரும் செய்தது. அந்தக் கல்லூரி நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்!

என் மாணவி ஒருத்தி பி.காம். படித்துவிட்டு வந்தவள், கோடிங், அதாவது ப்ரோகிராம் எழுதுவது என்றாலே பயப்படுவாள். அவள் அப்பா ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் வேலை பார்த்தார். "அந்த மண்டிக் கணக்கையே எடுத்துச் செய்யம்மா" என்றேன். தினமும் விடியற்காலையில் போய், கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

பேரேட்டில் சுப்பிரமணி என்று நான்கைந்து பேர். கணக்குப்பிள்ளைக்குக் குழப்பமே இல்லை. கிணத்தடி சுப்பிரமணி, பள்ளத்துத் தோட்டம் சுப்பிரமணி என்று மனதிலேயே பிரித்துவிடுவார். இவள் கம்ப்யூட்டரில் பெயரை வைத்துத் தேடினாள். ஒருவர் தக்காளிக்கான பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. சரி, போன் நம்பரை வைப்போம் என்றால், அண்ணனும் தம்பியும் ஒரே நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு எண் கொடுத்தாள். "எண்ணெல்லாம் யாரம்மா ஞாபகம் வைப்பது?" என்று கணக்குப்பிள்ளை மறுத்துவிட்டார். அப்புறம்தான் அவளுக்கு வழி பிடிபட்டது. எண் உள்ளே இருக்கட்டும், திரையில் பட்டப்பெயரைக் காட்டுவோம் என்று மாற்றினாள்.

அத்தோடு முடியவில்லை. தை மாதம் இறக்குக்கூலியை ஏற்றினார்கள். இவள் புதுக் கூலியைப் போட்டதும், மார்கழிச் சீட்டை மறுபடி எடுத்தால் அதிலும் புதுக் கூலியே விழுகிறது. விவசாயி சும்மா விடுவாரா? கூலி எவ்வளவு என்பதோடு, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தாள். இப்படி அட்டவணை அட்டவணையாகத் தரவைப் பிரித்து வைக்கும் முறையை ஐ.பி.எம். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். நாங்கள் அதை ஒரு செமஸ்டர் முழுக்கப் பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். இவளுக்கு அது மூட்டைகளுக்கு நடுவில் புரிந்தது.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "அட்டவணையில் பட்டப்பெயருக்கு எதற்குத் தனியாக ஒரு நெடுவரிசை?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினாள். கோடிங்குக்குப் பயந்த அதே பெண்!

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்காதீர்கள். உங்கள் தெருவில் மருந்துக்கடை இருக்கும், பால் சொசைட்டி இருக்கும், மாவு மில் இருக்கும். அங்கே ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். முதல் வருடமே அவரிடம் போய்ப் பழகுங்கள். கடைசி செமஸ்டரில் தேடினால் நேரம் போதாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், என் நேரமும் முடியப்போகிறது. நுழைவுத் தேர்வைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் எம்.சி.ஏ. சேர எழுதும் டான்செட் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. 100 கேள்விகள், 2 மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறையும், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். வேலையில் இருப்பவர்கள் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் எம்.சி.ஏ. படிக்கலாம். வேலை பார்க்கிற இடத்திலேயே ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால், முதலாளியிடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வணக்கம்.