நண்டின் கொடுக்கும் நம் விரலும்

நேயர்களுக்கு என் வணக்கம். நீங்கள் இப்போது வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை என்றால், வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களை மெல்ல மடக்கி விரித்துப் பாருங்கள். மடங்குவது விரல், ஆனால் திரண்டு இளகுவது முன்கைத் தசை. விரலை மடக்கும் வலிமையான தசைகள் முன்கையில் இருந்துகொண்டு, தசைநாண் என்னும் கயிறுகளால் மணிக்கட்டைக் கடந்து விரலை இழுக்கின்றன. அதனால்தான் விரல் இத்தனை மெலிந்திருக்க முடிகிறது.

உடலில் சிறு துளையிட்டுச் செய்யும் நுண்துளை அறுவை சிகிச்சைக்கான ரோபோக்களை இயக்கும் உறுப்புகளைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். மோட்டார்களைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் பேசப்போவது பெரும்பாலும் கயிற்றைப் பற்றி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி ரோபோவின் வழக்கமான கருவித் தண்டு 8 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதன் நுனியில் மணிக்கட்டைப் போலத் திரும்பும் இடுக்கி உண்டு, மோட்டார் இல்லை. மோட்டார்கள் அனைத்தும் நோயாளியின் உடலுக்கு வெளியே, கிருமி நீக்கிய உறைக்குப் பின்னால் இருக்கின்றன. தண்டுக்குள் ஓடுபவை மெல்லிய உலோகக் கம்பிவடங்களே.

நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த ஒரு கடலுணவு விருந்தில், ஹாங்காங்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சிட்னி சங், அறுவை ரோபோவுக்கு நண்டையே முன்மாதிரியாகக் கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் லாரன்ஸ் ஹோவும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் பீயும் சேர்ந்து உருவாக்கிய ‘மாஸ்டர்’ என்ற ரோபோ, உடலுக்குள் பார்க்க உதவும் நெளியும் குழாயான எண்டோஸ்கோப்புடன் வாய்வழியே இரைப்பைக்குள் இறங்கி, ஒரு கையால் திசுவைப் பற்றி மறு கையால் அறுக்கிறது. இந்தியாவிலும் ஹாங்காங்கிலும் ஐந்து நோயாளிகளின் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுக்கட்டிகளை அகற்ற அது உதவியதாக 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி வந்தது.

அந்த நண்டு ஒப்புமையுடன் எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. மிளகாய் நண்டின் கொடுக்கை உடைத்து நாம் ஆசையாக எடுத்துண்ணும் வெள்ளைச் சதைதான் அந்தக் கொடுக்கை மூடும் தசை. நண்டு தன் மோட்டாரைக் கொடுக்குக்குள்ளேயே வைத்திருக்கிறது. இந்த ரோபோவின் கொடுக்குக்குள் அப்படி எதுவும் இல்லை; உருவத்தால் அது நண்டு, இயக்கத்தால் மனித விரல்.

நெளிந்து செல்லும் எண்டோஸ்கோப்பில் கம்பி தனியாக ஓட முடியாது. அதற்கு ஓர் உறை வேண்டும். இங்கே என் தந்தையாரின் சைக்கிளைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல இயலாது. அதன் முன் பிரேக் உடனே பிடிக்கும். பின் பிரேக்கோ, எவ்வளவு அழுத்தினாலும் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். அவர் பிரேக் கட்டைகளை மாற்றினார், திருகுகளை முறுக்கினார், என்னையும் இரண்டு முறை திட்டினார். கடைசியில் புளோக்கின் கீழ்த்தளத்தில் சைக்கிள் பழுதுபார்த்த முதியவர், கட்டைகளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கம்பியை உருவி, உறைக்குள் எண்ணெய் விட்டு, தேவையின்றி வளைந்திருந்த உறையை நறுக்கிக் குறுக்கிக் கொடுத்தார். பிரேக் பிடித்தது. பழுது பிடிக்கும் இடத்தில் இல்லை, வரும் வழியில் இருந்தது.

படகுத்துறையில் கட்டைத் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, பெரிய படகை ஒரே ஆள் பிடித்து நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நன்மை செய்யும் உராய்வு இங்கே தீமை செய்கிறது. உராய்வின் அளவைக் காட்டும் உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால், உறை முழுவட்டமாக ஒருமுறை வளையும்போது நாம் இழுத்த விசையில் ஏறத்தாழ 53 விழுக்காடே மறுமுனையை அடையும். இரண்டு வட்டம் வளைந்தால் 28 விழுக்காடுதான். வளைவு அகலமா குறுகலா என்பது இதில் கணக்கில்லை, மொத்தம் எத்தனை பாகை வளைந்தது என்பதே கணக்கு. சைக்கிளின் வளைவுகளாவது மாறாமல் நிற்கின்றன; எண்டோஸ்கோப்போ ஒவ்வொரு நோயாளிக்குள்ளும் வேறு விதமாக வளைகிறது. மேலும், மருத்துவர் கையைத் திருப்பும் கணத்தில் வெளிமுனை நகர்ந்துவிட, கம்பியின் தொய்வும் உராய்வும் தீரும்வரை உள்முனை அசையாமல் நிற்கும். இந்தத் தாமதத்தை முன்கூட்டியே கணித்து மோட்டாரைச் சற்று மிகையாகச் சுழற்றுவதும், வெளிமுனையின் இழுவிசையைக் கொண்டு உள்முனையின் விசையை மதிப்பிடுவதும் இத்துறை ஆய்வாளர்களின் நீண்ட நாள் வேலை. நம் தசைநாண்களும் உறைக்குள்தான் ஓடுகின்றன. ஆனால் அந்த உறைகளில் வழவழப்பான நீர்மம் தானாகவே ஊறுகிறது.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பால் சைகை காட்டுகிறார்கள். ஆகவே கயிறில்லா வழிகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி, சூடேறினால் சுருங்கி உள்ளேயே தசையாகும்; சுருக்கம் நீளத்தில் சில விழுக்காடுதான், குளிர்ந்து நீளவும் பொழுதாகும். வலுவான காந்தம் கொண்டு உடலைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ அறைக்குள் காந்தத்தால் சுழலும் வழக்கமான மோட்டாரைக் கொண்டுசெல்ல இயலாது என்பதால், அங்கே மின்னழுத்தம் கொடுத்தால் மிக மிகச் சிறிதளவே விரியும் பீங்கானையும் காற்றழுத்தத்தையும் நாடுகிறார்கள். காற்றுக்கோ நீண்ட குழாய் வேண்டும், அந்தக் குழாயிலும் ஒரு தாமதம் உண்டு. மீண்டும் சைகை வருகிறது. நன்றி, வணக்கம்.