வெளியே போனவன் எல்லாம் கோப்பை தூக்குகிறான்: பஃபலோ சேபர்ஸ் அணியின் 14 வருடக் கதை

வணக்கம் மக்களே! காட்பாடி காந்திநகர் மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். ஆடிக்காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை கடைசியில் எடுக்கிற வீடியோ இது. அதற்குப் பிறகு ஏதாவது மாறியிருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

இன்றைக்கு ஐஸ் ஹாக்கி. அதுவும் தோற்கிற அணி. வேலூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு ஐஸ் ஹாக்கி என்று அம்மாவே கேட்டாயிற்று. விஐடியில் படித்து முடித்துவிட்டு எம்எஸ் படிக்க அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்துக்குப் போன பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. நானும் போனேன். அந்த ஊர்ப் பனி, அந்த ஊர் சிக்கன் விங்ஸ், அந்த ஊர் அணி, மூன்றும் ஒட்டிக்கொண்டன. முதல் இரண்டையும் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது விடமாட்டேன் என்கிறது. அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்குப் பனிக்காலத்தில் காலை ஐந்தரை. பால்காரர் வருகிற நேரத்தில் நான் தோற்றுக்கொண்டிருப்பேன்.

அணி பெயர் பஃபலோ சேபர்ஸ். அமெரிக்கா, கனடா அணிகள் ஆடுகிற என்எச்எல் ஐஸ் ஹாக்கி லீகில் மொத்தம் 32 அணி, அதில் 16 அணி பிளேஆஃப் போகும். சரிபாதி. சேபர்ஸ் கடைசியாகப் போனது 2011-இல். 2024-25 சீசனோடு சேர்த்து 14 சீசன் வெளியே நிற்கிறது. லீக் வரலாற்றில் வேறு எந்த அணியும் இவ்வளவு காலம் வெளியே நின்றதில்லை, முந்தைய சாதனையே 10 சீசன்தான். சிஎஸ்கே இந்த வருடம் முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனதற்கே நாம் வீட்டில் என்ன ஆட்டம் ஆடினோம்! ஆர்சிபி 18 வருடம் காத்திருந்து இந்த ஜூனில் கோப்பை வாங்கியது. ஆனால் அவர்கள் இடையில் பைனல் வரைக்குமாவது போய் வந்தார்கள். எங்களுக்கு வாசற்படியே மறந்துவிட்டது.

சரி, இப்போது எனக்கு வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம், ஜூன் 17. ஸ்டான்லி கோப்பை, அதாவது என்எச்எல் கோப்பை, அதன் பைனலில் ஆறாவது ஆட்டம். ஃபுளோரிடா பேந்தர்ஸ் 5-1 என்று எட்மன்டனை அடித்துத் தொடர்ந்து இரண்டாவது வருடமாகக் கோப்பையை வாங்கியது. அந்த ஐந்தில் நான்கு கோல் ஒரே ஆள் போட்டது. சாம் ரைன்ஹார்ட். 2014 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களை எடுக்கிற நாளில், சேபர்ஸ் இரண்டாவது ஆளாக எடுத்த பையன். 2024 பைனலின் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையை முடிவு செய்த கோலும் அவர் போட்டதுதான்.

இவர் ஒருவர் மட்டும் என்றால் விதி என்று விட்டுவிடலாம். 2023-இல் வேகஸ் கோப்பை வாங்கியபோது பிளேஆஃபில் எல்லாரையும்விட அதிகமாக 26 பாயின்ட் (போட்ட கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்தவர் ஜேக் ஐக்கல், எங்கள் பழைய கேப்டன். 2019-இல் செயின்ட் லூயிஸ் வாங்கியபோது பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது ரையன் ஓ'ரைலிக்கு. அவரும் எங்கள் ஆள். அதே 2023-இல் லீகின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது லினஸ் உல்மார்க்குக்கு, பாஸ்டன் சட்டையில். 2021 வரைக்கும் எங்கள் வலையில் நின்றவர்.

ஆள் பார்த்து எடுக்கத் தெரியாத நிர்வாகம் என்று இவர்களைச் சொல்லவே முடியாது. எடுத்தவனை வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. இந்த வீடியோ முழுக்க நான் சொல்லப்போவது இது ஒன்றுதான்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வரி. ஐபிஎல் மாதிரி ஏலம் அங்கே கிடையாது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை டிராஃப்டில் எடுப்பார்கள். கீழே இருக்கிற அணிகளுக்கு முதலில் எடுக்கிற வாய்ப்பு, அதற்கும் ஒரு குலுக்கல் உண்டு. பிறகு ட்ரேட், அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது. கான்ட்ராக்டில் தடை எழுதி வைத்திருந்தால் தவிர ஆட்டக்காரரைக் கேட்கவே வேண்டாம், காலையில் ஒரு ஊர், சாயங்காலம் வேறு ஊர். எல்லா அணிக்கும் ஒரே சம்பள வரம்பு. இவற்றையெல்லாம் முடிவு செய்கிறவர் ஜெனரல் மேனேஜர். அவருக்கு மேலே ஓனர். எங்கள் ஓனர் டெர்ரி பெகுலா, 2011 பிப்ரவரியில் வாங்கினார். வாங்கிய அந்த சீசனோடு பிளேஆஃப் நின்றுபோனது. ராசி என்று சொல்லமாட்டேன். ஆனால் பாட்டி இருந்தால் சொல்லியிருப்பார்.

2014-15 சீசனில் வேண்டுமென்றே தோற்றார்கள். அந்த வருட டிராஃப்டில் எல்லா அணியும் கண் வைத்திருந்த கானர் மெக்டேவிட் வருகிறார், கடைசி இடத்தில் முடித்தால் அவரைப் பிடிக்கலாம் என்ற கணக்கு. அப்போதைய ஜெனரல் மேனேஜர் டிம் மரே நன்றாகத் தடுத்துக்கொண்டிருந்த இரண்டு கோல்கீப்பர்களையும் அடுத்தடுத்து ட்ரேடில் அனுப்பினார். அந்த சீசனில் இனி ஆடவே முடியாத, காயம்பட்ட எவாண்டர் கேனை வாங்கினார். மார்ச் மாதம் அரிசோனா வந்தது. அவர்களும் கீழே கிடந்த அணிதான். கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் போட்டபோது பஃபலோ ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த ஊரில், சொந்த அணி தோற்றதற்கு! கடைசியில் கடைசி இடம் கிடைத்தது, குலுக்கலில் 20 சதவீத வாய்ப்பும் கிடைத்தது. சீட்டு விழுந்ததோ 11.5 சதவீதம் வைத்திருந்த எட்மன்டனுக்கு. மெக்டேவிட் அங்கே போனார், எங்களுக்கு ஐக்கல்.

ஐக்கலும் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்கத் தோல்வியைத் திட்டம் போட்டு நடத்திய இடத்தில், அடுத்த வருடம் இனி ஜெயிப்போம் என்று அறிவித்தால் யார் நம்புவார்கள்? டிரெஸ்ஸிங் ரூமில் அந்த வாடை போகவே இல்லை. இது என் கருத்து, அடித்துச் சொல்கிறேன்.

அந்த வாடைக்குப் பலியான முதல் பெரிய ஆள் ஓ'ரைலி. 2018 சீசன் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, தோற்றுத் தோற்று இந்த ஆட்டத்தின் மேலிருந்த பிரியமே சில நேரம் போய்விட்டது என்று மனம் விட்டுப் பேசினார். நல்ல நிர்வாகம் என்ன செய்யும்? இவன் ஒருவனுக்காவது வலிக்கிறதே என்று அவனை நடுவில் வைத்து அணியைக் கட்டும். இவர்களுக்கோ அவரே பிரச்சினையாகத் தெரிந்தார். ஜூலை 1 அன்று அவருக்கு 75 லட்சம் டாலர் போனஸ் கொடுக்க வேண்டிய நாள். அதே ஜூலை 1-இல் செயின்ட் லூயிஸுக்கு ட்ரேட். போனஸை அவர்கள் கொடுத்தார்கள்.

பதிலுக்கு வந்தவர்களைப் பாருங்கள். பேட்ரிக் பெர்க்லண்ட் என்ற மூத்த ஆட்டக்காரர், டிசம்பரிலேயே அணியை விட்டுப் போய்விட்டார், கான்ட்ராக்ட் ரத்து. விளாடிமிர் சொபோட்கா, பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு டிராஃப்ட் வாய்ப்பு. அப்புறம் டேஜ் தாம்ப்சன் என்ற ஒல்லிப் பையன். இங்கே நியாயமாகப் பேசவேண்டும். தாம்ப்சன் 2022-23-இல் 47 கோல், 2024-25-இல் 44 கோல். இன்றைக்கு அணியைத் தூக்கிப் பிடிக்கிறவரே அவர்தான். அதனால் ட்ரேட் சரிதான் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அவர் அந்த நிலைக்கு வர நாலு வருடம் ஆனது. அந்த நாலு வருடத்தில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஒரு பெரிய மனிதர் இல்லாமல் அறையே காலியாகக் கிடந்தது. செயின்ட் லூயிஸ் கதையையும் கேளுங்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில் லீகிலேயே கடைசி இடம். யாரையும் அவசரப்பட்டு விற்கவில்லை. ஜூனில் கோப்பை.

பணக் கணக்கு இதைவிட மோசம். 2018-இல் ரைன்ஹார்ட்டுக்குப் புது கான்ட்ராக்ட் போட வேண்டும். நீண்ட காலத்துக்குப் போட்டு மடக்கியிருக்கலாம். இரண்டு வருடம் மட்டும் கொடுத்தார்கள், வருடத்துக்கு 36.5 லட்சம் டாலர். அது முடிந்ததும் இன்னும் ஒரு வருடம். வாடகை வீட்டு அக்ரிமென்ட்டே நம் ஊரில் 11 மாதம் போடுகிறோம், கிட்டத்தட்ட அதே மனசு. இதற்கு நடுவில் 2019-இல் ஜெஃப் ஸ்கின்னருக்கு எட்டு வருடம், மொத்தம் 7.2 கோடி டாலர்! 40 கோல் போட்ட சூட்டில் கையெழுத்து. அடுத்த இரண்டு சீசனில் அவர் போட்டது 14, பிறகு 7. கடைசியில் 2024-இல் மீதிக் கான்ட்ராக்டைப் பணம் கொடுத்து முடித்து அனுப்பினார்கள். அந்தச் சுமை 2030 வரைக்கும் கணக்கில் உட்கார்ந்திருக்கும். ரைன்ஹார்ட் 2021-இல் ஃபுளோரிடா போனார். அங்கே ஒரு சீசனில் 57 கோல்.

ஐக்கல் கதை வேலூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 2021 மார்ச்சில் கழுத்து டிஸ்க்கில் அடி. அவர் செயற்கை டிஸ்க் பொருத்தும் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார். அணி டாக்டர்கள் எலும்பை இணைக்கிற பழைய முறைதான் என்றார்கள். லீக் ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை அணியுடையது. நம் ஊரில் சிஎம்சி வாசலில் போய் நின்றால் வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஒரு செகண்ட் ஒப்பினியனுக்காக ரயிலேறி வந்தவர்களைப் பார்க்கலாம். தன் கழுத்து பற்றித் தானே முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவன் கேட்பது பெரிய குற்றமா? மாதக்கணக்கில் இழுத்தார்கள், கேப்டன் பதவியைப் பிடுங்கினார்கள், நவம்பரில் வேகஸுக்கு ட்ரேட். வேகஸ் அவர் கேட்டதற்குச் சரி என்றது, அந்த மாதமே ஆபரேஷன், பிப்ரவரியில் பனியில் இறங்கிவிட்டார். எங்களுக்கு வந்ததில் அலெக்ஸ் டக் தங்கமான ஆள், அதை மறுக்கவில்லை.

இதையெல்லாம் ஒரே ஆள் செய்யவில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். மரே போனார், ஜேசன் பாட்டரில் வந்தார். 2020-இல் பாட்டரிலையும் சேர்த்து ஹாக்கிப் பிரிவில் 22 பேரை ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார் ஓனர். அதற்கு முன் ஜெனரல் மேனேஜராக இருந்ததே இல்லாத கெவின் ஆடம்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பெகுலா காலத்தில் கோச் ஏழு பேர். முதல் ஆள் லிண்டி ரஃப், 2013-இல் அனுப்பினார்கள். 2024-இல் எட்டாவது ஆளைத் தேடி, மறுபடியும் லிண்டி ரஃப்பையே கூப்பிட்டார்கள். ஒரு மாஸ்டர் மாவு அரைத்து வைப்பார், புளிப்பதற்குள் அடுத்த மாஸ்டர் வந்து கொட்டிவிட்டு வேறு அரிசி ஊறப்போடுவார், சாப்பிட வந்தவன் 14 வருடமாக இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

ஆடம்ஸுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 2022-23-இல் பட்டியலில் அணிக்கு 91 பாயின்ட். ஒரே ஒரு பாயின்டில் பிளேஆஃப் கைநழுவிப் போனது. 92 எடுத்து அந்த இடத்தைப் பிடித்த ஃபுளோரிடா நேராக பைனல் வரை போனது. அந்தக் கோடையில்தான் துணிந்து இறங்கியிருக்க வேண்டும். இவர்கள் அமெரிக்கக் கல்லூரி அணியிலிருந்து வந்த டெவன் லீவை என்ற இருபத்தொரு வயதுக் கோல்கீப்பரை நம்பிக் கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். அடுத்த சீசன் 84 பாயின்ட். அதற்கடுத்தது 79, நடுவில் தொடர்ந்து 13 தோல்வி. அந்த 13-க்கு நடுவில்தான் ஆடம்ஸ் பத்திரிகைக்காரர்களிடம் நல்ல ஆட்டக்காரர்கள் ஏன் வர மறுக்கிறார்கள் என்று விளக்கினார். எங்கள் ஊரில் வரி அதிகம், பனைமரமும் கிடையாது என்று. ஃபுளோரிடா மாதிரிக் கடற்கரை ஊர் இல்லை என்று சொல்ல வந்தார் பாவம். ஐயா, பனைமரம்தான் குறை என்றால் ஆற்காடு பக்கம் வாருங்கள், ஏரிக்கரை முழுக்க நிற்கிறது, எந்த ஆட்டக்காரரும் வரவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன மாதம் ஜேஜே பெட்டர்கா என்ற 23 வயது ஆளை, 68 பாயின்ட் எடுத்தவரை, யூட்டாவுக்கு அனுப்பினார்கள். மைக்கேல் கெசல்ரிங், ஜாஷ் டோன் இருவரும் வந்திருக்கிறார்கள். அணிக்குத் தேவையான முரட்டுத்தனம் இதில் கிடைக்கும் என்கிறார்கள். இருக்கலாம். கெசல்ரிங் தடுப்பாட்டத்துக்கு நிச்சயம் உதவுவார் என்றே நினைக்கிறேன். ஆனால் வளர்த்த பிள்ளை இருபத்துமூன்று வயதில் கிளம்பிப் போவதும், பதிலுக்கு இரண்டு பேர் வருவதும் நான் ஏற்கெனவே பார்த்த ஆட்டம்.

நான் கவனிக்கப்போவது அலெக்ஸ் டக். நியூயார்க் மாநிலத்திலேயே பிறந்து சின்ன வயதிலிருந்து சேபர்ஸ் ரசிகராக வளர்ந்தவர். பனைமரம் கேட்கமாட்டார். அவருடைய கான்ட்ராக்ட் 2026 கோடையில் முடிகிறது. இதைவிடச் சுலபமான கையெழுத்து ஒன்று இந்த நிர்வாகத்துக்குக் கிடைக்காது. அதற்கும் நாள் கடத்தினார்கள் என்றால் ஆடம்ஸைத் திட்டி ஒரு வீடியோ, பெகுலாவைத் திட்டித் தனியாக ஒரு வீடியோ. அக்டோபரில் சீசன் தொடங்குகிறது, முதல் சில வாரம் நமக்கு நாலரை மணிக்கே ஆட்டம். அலாரம் வைத்துவிட்டேன். வரட்டுமா மக்களே.