அமிலாய்டு பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகிவிடுமா?

அடுத்த கேள்வி. "என் தந்தைக்கு 71 வயது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் மேற்பரப்பை ஒட்டிப் பல இடங்களில் நுண் இரத்தக்கசிவுகள் தெரிகின்றன. சிறு இரத்தக்குழாய்களின் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கலாம் என்கிறார்கள். பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகிவிடுமா?"

உறுதியாகாது. அதற்காகப் பயனில்லாத சோதனை என்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் எம்.ஆர்.ஐ. அதில் புரதம் தெரிவதே இல்லை. கசிந்த இரத்தம் விட்டுச்சென்ற இரும்புதான் கரும்புள்ளியாகத் தெரிகிறது. அந்தப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதை வைத்துத்தான் காரணத்தை ஊகிக்கிறோம். தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழமான பகுதிகளில் இருந்தால் பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தத்தின் வேலை. மூளையின் மேலடுக்கான புறணியை ஒட்டி மட்டும் இருந்தால் அமிலாய்டின் மீது சந்தேகம் வருகிறது. குழாய்ச் சுவர் அமிலாய்டைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 2022இல் திருத்தப்பட்ட பாஸ்டன் அளவுகோலும் 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த இட அமைப்பையே முக்கியமாகப் பார்க்கிறது.

பெட் ஸ்கேனில் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை இரத்தக்குழாய் வழியே செலுத்துகிறோம். சிக்கல் இங்கேதான். குழாய்ச் சுவரில் படிந்த அமிலாய்டிலும் அது ஒட்டும், அல்சைமர் நோயில் மூளைத் திசுவில் சேரும் அமிலாய்டிலும் ஒட்டும். கருவியால் பிரித்துக் காட்ட முடிவது சில மில்லிமீட்டர் வரைதான். இந்தக் குழாய்களோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே படம் ஒளிர்ந்தால் "அமிலாய்டு இருக்கிறது" என்று சொல்லலாம், சுவரிலா திசுவிலா என்று சொல்ல முடியாது. பின்மண்டைப் பகுதியில் ஒளிர்வு ஒப்பீட்டளவில் கூடுதலாக இருந்தால் குழாய்ச் சுவர்ப் படிவாக இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாடு. உங்கள் தந்தை ஒருவரின் படத்தை வைத்து அப்படித் தீர்ப்பெழுத நான் துணிய மாட்டேன். இன்னொன்று, நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாத முதியவர்கள் பலருக்கும் இந்த ஸ்கேன் ஒளிரும்.

என்னைக் கேட்டால், ஒளிராத படம்தான் அதிகம் பேசுகிறது. அமிலாய்டு படிவு தெரியவில்லை என்றால், குழாய்ச் சுவர்ப் படிவுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வேறு காரணத்தைத் தேடலாம். முழு உறுதி வேண்டுமென்றால் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்காக மட்டும் யாரும் மூளையைத் திறப்பதில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பார்க்கிறோம்? சுவரில் அமிலாய்டு உள்ள குழாய் எளிதில் உடைந்து மீண்டும் கசியும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கொடுக்கலாமா என்ற முடிவு இதைப் பொறுத்தது. லெகானெமாப் போன்ற, அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளும் இத்தகையவர்களுக்கு மூளை வீக்கத்தையோ கசிவையோ உண்டாக்கும் அபாயம் அதிகம். தந்தை அப்படி ஏதாவது எடுத்துக்கொள்கிறார் என்றால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இந்த எம்.ஆர்.ஐ.யைக் காட்டுங்கள். பெட் ஸ்கேனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.