கேமராவுக்கு ராத்திரிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குக் கேமரா வைக்க நினைப்பவர்கள் கேமராவைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் அலைவார்கள். எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலரில் தெரியுமா, பிரான்சில் இருக்கிற பையன் செல்போனில் பார்க்க முடியுமா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அந்தக் கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி எது வேண்டும் என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் நீங்களே பார்த்து ஏதாவது போடுங்க" என்று விட்டுவிடுவார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கேமரா பொருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். படம் வரவில்லை என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் கேமரா கெட்டிருப்பதில்லை. அந்தப் பெட்டியோ, அதிலிருந்து போகிற கேபிளோதான் காரணமாக இருக்கும்.

அந்தப் பெட்டிக்கு பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்) ஸ்விட்ச் என்று பெயர். பழைய வகைக் கேமராவுக்குப் படம் வர ஒரு ஒயர், 12 வோல்ட் மின்சாரத்துக்கு இன்னொரு ஒயர் என்று இரண்டு வேண்டும். காம்பவுண்டு சுவர்ப் பக்கம் ஒரு அடாப்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோம். நம் கடற்கரைக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். நெட்வொர்க்கில் இணைகிற புது வகை ஐ.பி. கேமராவுக்கு ஒரே லேன் கேபிள் போதும். படமும் மின்சாரமும் அதிலேயே போய்விடும். வெளியே பிளக் பாயிண்ட் தேவையில்லை.

கடையில் எல்லோரும் கேட்பது, "எத்தனை போர்ட்?" என்பதுதான். எட்டுக் கேமரா என்றால் எட்டு போர்ட் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எண்ண வேண்டியது ஓட்டையை அல்ல, வாட்டை. அதிலும் ராத்திரி வாட்டை.

லாஸ்பேட்டையில் ஒரு வீட்டம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, பகல்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசல் கேமரா போயிடுது. ஆளைக் கூப்பிட்டா காலையில வந்து பார்த்துட்டு, நல்லாத்தானேம்மா இருக்குங்கிறாங்க." அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. இருட்டியதும் ஒவ்வொரு கேமராவிலும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். பகலில் 3, 4 வாட் இழுக்கிற சாதாரணக் கேமரா அப்போது 6, 7 வாட் வரை இழுக்கும். கலரில் காட்டுவதற்காக வெள்ளை விளக்குப் போடுகிற கேமராவும் அப்படித்தான். திரும்பிச் சுழன்று பார்க்கிற கேமரா இருந்தால் அது ஒன்றே 20 வாட்டைத் தொடும்.

அந்த வீட்டில் ஆறு சாதாரணக் கேமரா, சுழலுகிற கேமரா ஒன்று. ராத்திரியில் ஆறேழு நாற்பத்திரண்டு, அதோடு 20, ஆக 62 வாட். ஸ்விட்சின் பி.ஓ.இ. பட்ஜெட், அதாவது எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து அது தரக்கூடிய மொத்த மின்சாரம், 60 வாட்தான். பகலில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். ஆகவே காலையில் வந்து பார்த்தவர்கள் சொன்னதும் பொய்யில்லை. ஆறரை மணி வாக்கில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும்போது, ஸ்விட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு போர்ட்டை அணைத்துவிடுகிறது. எது அணைய வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும். அது வாசல் கேமராவாக இருந்தால் நம் துரதிர்ஷ்டம்.

ஒரு போர்ட் எவ்வளவு தரும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விதி. 2003இல் வந்த 802.3ஏ.எஃப். என்ற தரத்தின்படி போர்ட்டுக்கு 15.4 வாட். கேபிளில் கொஞ்சம் வீணாகும் என்பதால் கேமரா முனையில் 12.95 வாட் என்றுதான் கணக்கு. 2009இல் வந்த 802.3ஏ.டி. போர்ட்டுக்கு 30 வாட் தரும், கேமரா முனையில் 25.5. சுழலுகிற கேமராவுக்குப் பொதுவாக இது வேண்டும். 2018இல் இன்னும் பெரியது ஒன்று வந்தது. வீட்டுக் கேமராவுக்கு அது வேண்டாம்.

இப்போது சூட்சுமத்தைப் பாருங்கள். எட்டு போர்ட்டும் ஆளுக்கு 15.4 கொடுத்தால் மொத்தம் 123 வாட் ஆகிறது. ஆனால் பெட்டியின் பட்ஜெட் 60, 65 என்றுதான் இருக்கும். மொட்டை மாடியில் ஒரே தொட்டி, அதற்கு எட்டுக் குழாய். ஒவ்வொரு குழாயும் பெரிதுதான், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் கடைசிக் குழாயில் காற்றுதான் வரும். அதனால் கேமராவின் பெட்டியிலோ அதோடு வருகிற தாளிலோ அதிகபட்ச வாட் என்று போட்டிருப்பதைக் கூட்டுங்கள். அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொண்டு, அந்த அளவு பட்ஜெட் உள்ள ஸ்விட்சைக் கேளுங்கள். பின்னால் மாட்டுக்கொட்டகைக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று என்று எப்படியும் சேர்ப்பீர்கள்.

விலை குறைவு என்று பாஸிவ் பி.ஓ.இ. பெட்டியை வாங்காதீர்கள். தரமான ஸ்விட்ச் முதலில் மிகக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று சோதிக்கும். இருந்தால்தான் 48 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தை விடும். அதில் தெரியாமல் லேப்டாப்பைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. பாஸிவ் பெட்டி எதையும் சோதிக்காமல் நேராகத் தள்ளும். வாங்கும்போது பெட்டியில் ஏ.எஃப். அல்லது ஏ.டி. என்று அச்சாகி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது.

வேகத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒரு 4 மெகாபிக்சல் கேமரா, படத்தைச் சுருக்கி அனுப்புகிற எச்.265 முறையில் நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் அனுப்பும், பழைய எச்.264 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. கேமரா போர்ட் 100 மெகாபிட் இருந்தால் தாராளம். ரெக்கார்டருக்குப் போகிற அப்லிங்க் போர்ட் மட்டும் ஜிகாபிட்டாக இருக்கட்டும்.

நாலு கேமரா, ஒரே மாடி என்றால் ஸ்விட்சே வாங்காதீர்கள். பி.ஓ.இ. போர்ட் உள்ள என்.வி.ஆர். (படத்தைப் பதிவு செய்கிற ரெக்கார்டர்) ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. அந்தப் பெட்டி போனால் எல்லாம் சேர்ந்து போகும் என்பது உண்மைதான். ஆனாலும் சின்ன வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. மாடி வீடு என்றால் மேலே ஒரு ஸ்விட்ச் வைத்து, கீழே என்.வி.ஆருக்கு ஒரே கேபிளை இறக்குவதுதான் சுத்தமான வேலை. எட்டுக் கேபிளைச் சுவரில் இழுத்துக்கொண்டு வருவதை நினைத்தாலே பெயிண்டர்களுக்குக் கோபம் வரும்.

கேபிளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேட் 6 என்று லேன் கேபிளின் தரம் வெளியே அச்சடித்திருக்கும், உள்ளே அலுமினியக் கம்பி, அதன் மேல் செம்பு பூசியிருக்கும். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். செம்பைவிட அதன் மின்தடை ஒன்றரை மடங்கு. தூரம் போகப் போக மின்சாரம் வழியிலேயே கரைந்து, ராத்திரி விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். ஸ்விட்சைத் திட்டிக்கொண்டே புது ஸ்விட்ச் வாங்குவீர்கள், அதே கதை திரும்பும்.

நல்ல செம்புக் கேபிளானாலும் 100 மீட்டர்தான் எல்லை. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் வீடு ஒரு மூலையில், கேட் ஒரு மூலையில் என்று தோப்பு வீடுகள் உண்டு. சில ஸ்விட்சுகளில் எக்ஸ்டெண்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தள்ளினால் 250 மீட்டர் போகும் என்று போட்டிருப்பார்கள். வேகம் 10 மெகாபிட்டாக இறங்கிவிடும், ஒரு கேமராவுக்கு அது போதும். ஆனால் 250 மீட்டர் செம்புக் கம்பியைத் திறந்தவெளியில் இழுப்பது ஐப்பசி கார்த்திகை இடியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைப்பதுதான். அந்த இடத்தில் ஃபைபர் இழுத்து, கேட் பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்துவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்திலும் குருசுக்குப்பத்திலும் கேமரா வாலில் இருக்கிற இணைப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற உலோகப் பின்கள் எல்லாம் பச்சை பிடித்திருக்கும். மின்சாரம் ஓடுகிற முனையில் ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். கேமராவோடு வருகிற ரப்பர் மூடியைத் தூக்கிப் போடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டு இறுக்க வேண்டும், இணைப்பு ஜங்ஷன் பாக்சுக்குள் இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே போகாதபடி கேபிள் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். ஸ்விட்ச் வீட்டுக்குள்தான் இருக்கட்டும். மின்விசிறி இல்லாத உலோகப் பெட்டியாகப் பாருங்கள். விசிறி உப்புக் காற்றை உள்ளே இழுத்துக் கொடுக்கும்.

எந்த உயரத்தில் வைப்பது? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் இருப்பவர்களுக்கு டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே பெட்டி வைக்காதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. தலை உயரத்துக்கு மேல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பரணில் அடைத்தால் வெயில் காலத்தில் வெந்துபோகும்.

கரண்ட் போனால் கேமராவும் போகக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு கடலூர்க்காரர்கள் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அளவுக்கு எந்த இன்வெர்ட்டரும் தாங்காது. ஆனால் தினப்படி மின்வெட்டுக்குத் தாங்கும். ஸ்விட்ச், என்.வி.ஆர்., மோடம் மூன்றும் சேர்ந்து 70 வாட் என்று வையுங்கள். 150 ஏ.ஹெச். பேட்டரி இதை மட்டும் சுமந்தால் அரை நாளுக்கு மேல் ஓட்டும். மின்விசிறியும் சேர்ந்தால் அதற்கேற்பக் குறையும். மூன்றையும் ஒரே இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ஸ்விட்சை மட்டும் விட்டுவிட்டால் என்.வி.ஆர். வெறும் இருட்டைப் பதிவு செய்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ். மோட் என்று இருந்தால் அதில் வையுங்கள், கரண்ட் மாறும்போது எல்லாம் அணைந்து எழாது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், தூரத்திலிருந்தே இயக்கக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் சிபாரிசு செய்வேன். உறைந்துபோன கேமராவின் போர்ட்டை அங்கிருந்தே அணைத்துப் போடலாம். சிலவற்றில் கேமரா பதில் சொல்லவில்லை என்றால் ஸ்விட்சே அதைச் செய்துவிடும். மற்றவர்களுக்குச் சாதாரண ஸ்விட்ச் போதும்.

வேலை முடிந்ததும் பொருத்தியவரிடம் மீதிப் பணத்தைப் பகலில் கொடுத்துவிடாதீர்கள். விளக்கு வைத்த பிறகு ஒரு நடை வரச் சொல்லுங்கள். வாசல் விளக்கை அணையுங்கள். எல்லாக் கேமராவிலும் சிவப்பு விளக்கு எரிகிறபோது, டி.வி.யில் எல்லாக் கட்டத்திலும் ஒரு பத்து நிமிடம் படம் விடாமல் நிற்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். நின்றால் காசைக் கொடுத்து அனுப்புங்கள்.

வணக்கம்.